அப்பாவுக்கு வியாழனைக் காட்ட வேண்டும், டெலஸ்கோப்பில் வெறும் வெள்ளை உருண்டைதான் தெரிகிறது

மல்லிகைப்பந்தல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. முப்பத்தாறு வருடம் கணக்கு எழுதிய மனிதர். எனக்கு ஆறு வயது இருக்கும்போது ஒருநாள் விடியற்காலையில் எழுப்பி, தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், ‘அதோ பார், விடிவெள்ளி’ என்று காட்டியவர். இப்போது மாலையானால் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகத்தான் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன்.

முன்பக்க லென்ஸ் 70 மி.மீ., குவியத்தூரம் 700 மி.மீ. கூடவே 25, 10, 4 மி.மீ. என்று மூன்று ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), மூன்று மடங்கு பெரிதாக்கும் ஒரு பார்லோ லென்ஸ். பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவ்வளவு இருக்கும்போது குறைத்து ஏன் பார்க்க வேண்டும் என்று பார்லோவையும் 4 மி.மீ. ஐபீஸையும் சேர்த்துப் போட்டு வியாழனைத் தேடினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கிடைத்தது, தண்ணீருக்கடியில் நடுங்குவது போல ஒரு வெள்ளை உருண்டை. அப்பா குனிவதற்குள் அதுவும் ஓடிவிட்டது. மறுபடி பிடித்துக் காட்டினேன். பார்த்தார். ‘நல்லா இருக்கும்மா’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் மதிப்பெண் அட்டையைக் கையெழுத்துக்கு நீட்டும்போது ‘பரவாயில்லை’ என்பாரே, அதே குரல்.

நிலாவும் அப்படித்தான். முழுநிலவு அன்று பார்த்தோம். கண் கூசியதுதான் மிச்சம், வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. அப்புறம் இன்னொரு சந்தேகம். மாலையில் மேற்கே பளிச்சென்று ஒன்று தெரிகிறதே, அதை 10 மி.மீ. ஐபீஸில் பார்த்தால் வட்டமாகவே இல்லை. பாதியாக வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. எவ்வளவு திருகியும் முழு வட்டம் வரவில்லை. லென்ஸ் பழுதா?

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை நீக்கும் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார். அதனால்தான் சரியாகத் தெரியவில்லையோ என்றும் நினைக்கிறேன். டெலஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா, இல்லை வேறு ஏதாவது வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அச்சுக்கூடம் எழுதியது:

வணக்கம் சகோதரி. தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் டெலஸ்கோப் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு அத்தாட்சியே நீங்கள் பழுது என்று நினைத்த அந்தப் பாதி வட்டம்தான்.

மேற்கே தெரிவது வெள்ளி. நிலாவைப் போலவே வெள்ளிக்கும் பிறை உண்டு. நமக்கும் சூரியனுக்கும் இடையில் உள்ள பாதையில் அது சுற்றுவதால், வெயில் படும் பக்கம் சில நாள் முழுசாகவும் சில நாள் பாதியாகவும் சில நாள் கீற்றாகவும் நமக்குத் தெரியும். வெறும் கண்ணுக்கு அது எப்போதும் ஒரு புள்ளிதான். 1610ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கலிலியோ தன் டெலஸ்கோப்பில் இதே பிறையைப் பார்த்துத்தான் வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்று உறுதி செய்துகொண்டார். வானம் கண்ணெதிரே காட்டியதை நீங்கள் ஐபீஸைத் திருகிச் சரிசெய்யப் பார்த்திருக்கிறீர்கள்! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியதே அதைத்தான். இன்னும் ஐந்தாறு வாரம் விடாமல் பாருங்கள். வெள்ளி நம்மை நெருங்கி வரும், அதனால் உருவம் பெரிதாகிக்கொண்டே போகும், அதே சமயம் பிறை மெலிந்துகொண்டே போகும். நான் முதல்முறை அந்த மெல்லிய பெரிய கீற்றைப் பார்த்தபோது நிலாவைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தேன். அன்று நிலாவே இல்லை.

இருட்டும் வரை காத்திருக்காதீர்கள். வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது வெள்ளியைப் பார்த்தால் கூச்சமே இருக்காது, பிறையின் விளிம்பு கத்தியால் வெட்டியது போலத் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: சூரியன் முழுக்க மறைந்த பிறகுதான் டெலஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். தேடும்போது தப்பித் தவறி ஒரு நொடி சூரியன் உள்ளே வந்தாலும் கண் போய்விடும். இதில் மட்டும் சமரசம் கிடையாது.

இனி 525 மடங்கு. டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். 700ஐ 4ஆல் வகுத்தால் 175, பார்லோ சேர்ந்தால் 525. கணக்கு சரி, ஆனால் 70 மி.மீ. லென்ஸ் சேர்த்துத் தரும் ஒளி அதற்குப் போதாது. காற்று ஆடாமல் அடங்கியிருக்கும் இரவிலும் ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு, அதாவது 140 வரைதான் தாங்கும். அதற்கு மேல் மங்கலைத்தான் பெரிதாக்குகிறோம். கூடவே காற்றின் நடுக்கமும் ஸ்டாண்டின் ஆட்டமும் பூமி சுழலும் வேகமும் அத்தனை மடங்கு பெரிதாகும். அப்பா குனிவதற்குள் வியாழன் ஓடியது அதனால்தான். பார்லோவை எடுத்துப் பெட்டியில் வையுங்கள். 25ஐப் போட்டுத் தேடுங்கள், 28 மடங்கு வரும். நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு 10ஐப் போடுங்கள், 70 மடங்கு. வியாழனுக்கு இப்போதைக்கு அது போதும்.

நான் பதினெட்டு வருடமாக ஒரு 80 மி.மீ. டெலஸ்கோப்பை மட்டும்தான் வைத்திருக்கிறேன். அச்சகத்தில் இரவு வேலை. விடியற்காலை நாலரைக்கு வீடு வந்தால் உடனே தூக்கம் வராது, காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மாடிக்குப் போக ஆரம்பித்தேன். முதல் மாதம் எனக்கும் வியாழன் வெள்ளை உருண்டைதான். பிறகு, அச்சகத்தில் மீந்த காகிதத்தைத் தைத்து ஒரு நோட்டு செய்து, பென்சிலால் அதை வரைய உட்கார்ந்தேன். வரைய வேண்டும் என்று உட்கார்ந்தால் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. ‘இந்த விளிம்பு அந்த விளிம்பை விட மங்கலா? நடுவில் இருப்பது கோடா, என் பிரமையா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே பார்ப்போம். காற்று எப்போதும் ஒரே மாதிரி ஆடாது. ஒரு நிமிடத்தில் இரண்டு நொடி சட்டென்று அடங்கும். அந்த இரண்டு நொடியில் உருண்டையின் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரியும், மறுபடி கலங்கிவிடும். அடுத்த அடக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும். அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்தவர்களுக்கு அந்த இரண்டு நொடி கிடைக்கவே கிடைக்காது. உங்கள் அப்பாவின் கண்ணில் எந்தக் குறையும் இருக்காது, அவருக்கு நேரம்தான் கிடைக்கவில்லை. ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு பொருள், குறைந்தது இருபது நிமிடம். இதை மட்டும் செய்து பாருங்கள்.

கண்ணாடி விஷயம்: கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருகினாலே சரியாகிவிடும். சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் போட்டுக்கொண்டே பார்ப்பது நல்லது. ஃபோகஸை அவர் கையாலேயே திருகச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் அவருக்கு ஒத்துவராது.

நிலாவுக்கு முழுநிலவுதான் இருப்பதிலேயே மோசமான நாள். வெயில் நேராக அடிப்பதால் நிழலே விழாது, நிழல் இல்லாமல் மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. வளர்பிறையில் ஐந்தாம் ஆறாம் நாள் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சேரும் கோடு இருக்கிறதே, அதை ஒட்டித்தான் எல்லாம் நடக்கும். அங்கே இருப்பவர்களுக்கு அது சூரிய உதயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் அந்தக் கோட்டருகே தியோஃபிலஸ் என்ற பள்ளம் வரும், சுமார் 100 கி.மீ. அகலம். உள்ளே மை ஊற்றியது போல இருட்டு, அதன் நடுவில் மலைமுகடு மட்டும் வெயில் பட்டு ஒரு வெள்ளைப் பொட்டாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பொட்டு வளர்ந்திருக்கும், பக்கத்தில் இன்னொரு பொட்டு முளைத்திருக்கலாம். நிலாவின் நடுக்கோட்டில் அந்த உதயம் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது. சைக்கிளில் போனால் கூடவே போகலாம்! எனக்கு இந்த ஒரு விஷயம் பதினெட்டு வருடமாகியும் அலுக்கவில்லை.


திருகாணி எழுதியது:

மேலே சொன்னதோடு நான் ஸ்டாண்டைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், பாதிப் பேர் அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். மூன்று கால்களையும் முழுசாக நீட்டாதீர்கள். குட்டையாக வைத்துவிட்டு, அப்பாவுக்குக் கை வைக்காத ஒரு நாற்காலி போடுங்கள். நிற்கும்போது உடம்பு மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும், கழுத்தும் வலிக்கும். உட்கார்ந்தால்தான் இருபது நிமிடம் தாக்குப்பிடிக்கும். ஸ்டாண்டின் நடுவில் தண்ணீர் நிரப்பிய ஒரு கேனைத் தொங்கவிடுங்கள், ஆட்டம் நன்றாகக் குறையும்.

முக்கால் மணி நேரம் தேடினேன் என்கிறீர்களே, பைண்டர் (டெலஸ்கோப்பின் மேல் இருக்கும், குறிபார்க்கும் சின்னக் குழாய்) நேராக இல்லை. அதை ராத்திரியில் சரிசெய்வது கஷ்டம். பகலில், சூரியனுக்கு எதிர்த்திசையில் தூரத்தில் இருக்கும் ஒரு கோபுரத்தின் உச்சியை 25 மி.மீ. ஐபீஸில் நடுவில் பிடியுங்கள். பிறகு டெலஸ்கோப் அசையாமல், பைண்டரின் திருகாணிகளைத் திருகி அதே உச்சியை அதன் குறுக்குக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிட வேலை. அன்று ராத்திரி வியாழன் பத்தே நொடியில் கிடைக்கும்.

இன்னொன்று, பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தரையும் கூரையும் ராத்திரி நெடுநேரம் சூட்டை விடும். ஒரு கூரைக்கு மேலாகப் பார்த்தால் கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலாகப் பார்ப்பது போல இருக்கும். கிரகம் உயரமாக ஏறிய பிறகு பாருங்கள். வீட்டுக்குள் இருந்து ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கவே வேண்டாம்.


பெருவட்டம் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 70 மி.மீ. தொடக்கத்துக்குச் சரி, ஆனால் பெரியவர் ஒருவரின் ஆர்வத்தைத் தக்கவைக்க லென்ஸுக்குப் பதில் வளைந்த கண்ணாடி வைத்த 150 மி.மீ. டெலஸ்கோப் வாங்குவதே நல்லது. ஒளி நான்கரை மடங்குக்கு மேல் கூடுதலாகச் சேரும். சனியின் வளையத்தில் உள்ள காசினி இடைவெளி, வியாழனின் பட்டைகளில் உள்ள முடிச்சுகள் எல்லாம் அதில்தான் ஒழுங்காகப் பிடிபடும். இருபது நிமிடம் உற்றுப் பார்த்துக் கிடைப்பதை அது உடனே காட்டிவிடும்.


அச்சுக்கூடம் எழுதியது:

நீங்கள் சொல்லும் கணக்கு சரிதான் நண்பரே, நான் மறுக்கவில்லை. ஆனால் 150ஐத் தூக்கிக்கொண்டு தினமும் மாடி ஏற வேண்டும். வெளியே வைத்து அதன் கண்ணாடி குளிர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவர்களுடைய 70ஐ ஒரு கையில் எடுத்துக்கொண்டு போய்விடலாம். அடிக்கடி வெளியே வருகிற சின்ன டெலஸ்கோப்பில்தான் அதிகம் பார்க்க முடியும் என்பது என் அனுபவம். ஆறு மாதம் கழித்தும் அப்பா மாடிக்கு வந்துகொண்டிருந்தால் அப்போது பெரியது வாங்கட்டும்.

சனியைப் பற்றிச் சொன்னதால் ஒரு குறிப்பு. 2025 மார்ச்சில் சனியின் வளையம் நமக்கு நேர்விளிம்பைக் காட்டி நின்றது. அதை ஒட்டிய மாதங்களில் சின்ன டெலஸ்கோப்பில் அது ஒரு ஊசிக்கோடு போலத்தான் இருக்கும், ‘படத்தில் பார்த்த மாதிரி இல்லையே’ என்று ஏமாற வேண்டாம். அதன் பிறகு வருடத்துக்கு வருடம் திறந்துகொண்டே போய் 2032ல் மிக அகலமாகத் தெரியும்.

சகோதரி, வியாழனைப் பார்க்கும்போது உருண்டையை மட்டும் பார்க்காதீர்கள். அதன் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், அதிகபட்சம் நான்கு. அவை அதன் நிலாக்கள். 28 மடங்கிலேயே தெரியும். உள்ளே இருக்கும் அயோ ஒரு சுற்றுக்கு 42 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்துக்கொள்ளும், யூரோப்பா மூன்றரை நாள், கானிமீட் ஒரு வாரம், கலிஸ்டோ பதினாறே முக்கால் நாள். ஏழு மணிக்கு வரைந்ததைப் பத்து மணிக்கு வரைந்ததோடு ஒப்பிட்டாலே எது நகர்ந்தது என்று தெரிந்துவிடும். அப்பா கணக்கு எழுதியவர் என்றீர்கள். அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். தேதி, நேரம், எந்தப் பக்கம் எத்தனை புள்ளி. அவ்வளவுதான். உங்கள் டெலஸ்கோப்பில் இடமும் வலமும் மாறித் தெரியும், அது பரவாயில்லை, தெரிவதைத் தெரிகிறபடியே எழுதட்டும்.


மல்லிகைப்பந்தல், ஐந்து வாரம் கழித்து எழுதியது:

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். நடந்ததை முழுசாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

பைண்டரைப் பகலில் நேராக்கினோம், அதை அப்பாவே செய்தார். நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாம் போட்டாகிவிட்டது. முதலில் காட்டியது வெள்ளி. ‘இது பாதி நிலா மாதிரி இருக்கே’ என்றவர், வெள்ளிதான் என்று நான் சொன்னதும் ஐபீஸிலிருந்து கண்ணை எடுத்து வானத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். ‘உனக்கு அன்னிக்குக் காட்டினேனே, அதுவா?’ என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இருப்பது போல அவருக்கும் ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நேற்று அது அரிவாள் முனை மாதிரி மெலிந்து, நன்றாகப் பெரிதாகத் தெரிந்தது.

வளர்பிறை ஆறாம் நாள் நிலாவைப் பார்த்தோம். தியோஃபிலஸை எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது, பக்கத்தில் அதை ஒட்டியே இன்னொரு பள்ளமும் அதற்குக் கீழே மற்றொன்றும் இருந்தன. அப்பா ஒன்பது மணிக்குப் பார்த்ததைப் பதினொரு மணிக்கும் பார்க்க வேண்டும் என்று தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு தடவை மாடிக்கு வந்து கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் அவரும் ஒரு முறை குனிந்து பார்த்தார்.

ஆனால் அவருக்குப் பிடித்தது வியாழன்தான். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு எழுதுகிறார். தேதி, மணி, இடப்பக்கம், வலப்பக்கம், குறிப்பு. இதுவரை இருபத்தோரு வரி. பட்டைகள் இரண்டையும் பதினான்காம் வரியில் பார்த்ததாக எழுதியிருக்கிறார், நான் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன் என்று சொன்னதைக் குறிப்பில் ஏற்றவில்லை, ‘நான் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்’ என்கிறார்.

இப்போது அவர் கேட்கச் சொன்ன கேள்வி. போன சனிக்கிழமை மாலை ஏழரைக்குப் பார்த்தபோது மூன்று நிலாக்கள்தான் இருந்தன. நான்காவது வியாழனுக்குப் பின்னால் போயிருக்கும் என்று நினைத்தார். அது உருண்டையின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கும் என்று ஓரத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். ஆனால் அது ஓரத்தில் வரவில்லை. உருண்டையை விட்டு அதன் அகலத்தில் பாதி தூரம் தள்ளி, ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்தது. நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: ‘7:52 இல்லை. 7:55 மிக மங்கலாக ஒரு புள்ளி. 7:58 மற்றவை போலவே பிரகாசம்.’ இது எப்படி என்று கேட்கிறார். எழுதியதில் தப்பு இல்லை, இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன் என்றும் சொல்லச் சொன்னார்.


அச்சுக்கூடம் எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எழுதியதில் தப்பே இல்லை.

அவர் பார்த்தது ஒரு கிரகணத்தின் முடிவு. வியாழனுக்கும் நீண்ட நிழல் உண்டு. இந்த மாதங்களில் சூரியனும் நாமும் வியாழனைப் பார்க்கும் கோணம் கொஞ்சம் மாறியிருப்பதால் அந்த நிழல் நமக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. நிலா முதலில் உருண்டைக்குப் பின்னால் போனது, அங்கிருந்து வெளியே வந்தபோதும் நிழலுக்குள்ளேயே இருந்தது, அதனால் தெரியவில்லை. நிழலைத் தாண்டியதும்தான் அதன் மேல் வெயில் பட்டது. இருட்டான இடத்தில் திடீரென்று முளைத்தது போல இருந்ததற்கு அதுவே காரணம். சில நிமிடத்தில் முழு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது என்பதையும், வந்த இடத்தையும் வைத்துப் பார்த்தால் அது அயோவாகத்தான் இருக்க வேண்டும். இதே அயோவின் கிரகண நேரங்கள் சில மாதங்களில் சற்று முந்தியும் சில மாதங்களில் சற்றுப் பிந்தியும் வருவதைக் கவனித்துத்தான், ஒளி வந்து சேர நேரம் ஆகிறது என்று ரோமர் என்ற வானியலாளர் 1676ல் சொன்னார். அவர் கையில் இருந்ததும் அப்பாவிடம் இருப்பது போன்ற நேரக் குறிப்புகள்தான்.

அவர் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பினால்: அயோ நிழலிலிருந்து வெளியே வருவது 42 மணி 28½ நிமிடத்துக்கு ஒருமுறை. அடுத்தடுத்து வருவதில் சில பகலில் போய்விடும், சிலவற்றில் வியாழன் மறைந்திருக்கும். நான்கு சுற்று சேர்த்தால் ஏழு நாள், 1 மணி 54 நிமிடம். சனிக்கிழமை 7:55 என்றால் அடுத்த சனிக்கிழமை இரவு 9:49. முன்பே குறித்த அதே பக்கம், ஏறக்குறைய அதே தூரம். 9:40க்கே நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். மேகம் இல்லாமல் இருக்க வேண்டும், நானும் அன்று வேலைக்குப் போகும் முன் மாடியில் இருப்பேன். அவர் எழுதும் நேரத்தை இங்கே போடுங்கள், நான் எழுதியதோடு ஒத்துப் பார்க்கலாம்.